கொடுத்த டிக்கெட் செல்லும்

"எட்டாவதுல ரெண்டு தடவை உக்காந்து ரெண்டு தடவையும் ஃபெயிலானவளுக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்?"

கண்டக்டர் தன் மனைவியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டு நாலு மாதம் ஆகிறது. அவள் பதில் சொல்லவில்லை. பதில் இன்றைக்குத்தான் வந்தது. அது தையல்காரம்மாவின் கக்கத்தில் உட்கார்ந்து வந்து, வாசலில் கழுத்தை நீட்டிக் கொக்கரக்கோ என்று கூவியது.

"இதைக் கொஞ்சம் பாருங்க கண்டக்டரே," என்றாள் தையல்காரம்மா. "பெட்டைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"பெட்டைதான்."

சேவல் இன்னொரு முறை கூவியது.

"பெட்டை கூவுதே?"

"சில பெட்டை கூவும். குரல் வளம்."

"கொண்டை என் உள்ளங்கை அளவு இருக்கு!"

"நீ தீனி ஜாஸ்தியாப் போட்டிருப்பே. எல்லாம் கொண்டையில போய்ச் சேர்ந்துடுச்சு."

தையல்காரம்மா வாதாடவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை ஒதுக்கிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அதில் இருந்தது கண்டக்டரின் சொந்தக் கையெழுத்து.

'இந்தக் குஞ்சு சேவலானால், சேவலைக் கொடுத்துவிட்டு முட்டையிடும் கோழி ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். காலவரம்பு இல்லை. கண்டக்டர் பண்ணை.'

கண்டக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் தப்பிக்க வழி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடினார். அவர்தான் எழுதியவர், அங்கே எதுவும் எழுதவில்லை.

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் ஒரே பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று சொல்லி ஓய்வு பெற்றவர். தினமும் விடியுமுன் மூன்றே முக்காலுக்கு எழுந்து பழகிய மனிதர், ஓய்வு பெற்ற மறுநாள் ஏழு மணிவரை தூங்கினார். இனி சாகும்வரை ஏழு மணிதான் என்று முடிவு செய்தார். எட்டு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கொல்லைப்புறம் போனார். அங்கே பன்னிரண்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பத்தொன்பது வருடமாக அந்த வீட்டில் கோழிகள் இருந்தன. வளர்த்தது அவர் மனைவி. முட்டையை அக்கம்பக்கத்தில் கொடுப்பாள். அதில் வருவதை யாரையும் கேட்காமல் செலவழிப்பாள். கண்டக்டரின் தட்டில் தினமும் ஒரு முட்டை வந்து உட்கார்ந்ததே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது நேரம் இருந்தது. நேரம் மட்டும்தான் இருந்தது.

"நிர்வாகமே சரியில்லையே," என்றார்.

அன்று மாலைக்குள் கொல்லைப்புறக் கதவில் 'கண்டக்டர் பண்ணை' என்று பலகை ஏறியது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரரிடம் தினம் எட்டு முட்டை தருவதாக வாக்குக் கொடுத்தார். "ஒரு நாள் தவறினாலும் நான் வேற ஆளைப் பாத்துக்குவேன் அண்ணே," என்றார் பேக்கரிக்காரர். "தவறினா அந்தப் பலகையைக் கழட்டி உங்க அடுப்புல வெச்சுடறேன்," என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது கண்டக்டர் சபதம் செய்தார். மனைவிக்கு உதவியாளர் பதவி கொடுத்தார். கூடு கழுவுவது, தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது என்று எல்லாம் அவள் ஏற்கெனவே செய்த வேலைகள்தான். முட்டை மட்டும் கைமாறியது.

பிறகு பக்கத்துத் தெருச் சேவல் வந்துபோன புண்ணியத்தில் இரண்டு கோழிகள் அடைகாத்து இருபத்திரண்டு குஞ்சுகள் பொரித்தன. ஐந்து வாரக் குஞ்சுகளாக விற்பது என்று தீர்மானித்த கண்டக்டர், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து முகத்தைப் பார்த்தார்.

"டிக்கெட் எடுக்காதவன் நம்மளை நேரா முறைச்சுப் பாப்பான். எடுத்தவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவான். அதே கணக்குத்தான். நேராப் பாத்தா சேவல். முகத்தைத் திருப்பினா பெட்டை."

கோழிக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறது. அது யாரைப் பார்ப்பதானாலும் முகத்தைத் திருப்பித்தான் பார்க்கும். ஆகவே கண்டக்டரின் பரிசோதனையில் இருபத்திரண்டும் பெட்டை என்று தேறின.

மனைவி தண்ணீர்ச் சட்டியைக் கழுவியபடியே சொன்னாள்: "அந்த மூணாவது குஞ்சு சேவல் மாதிரி தெரியுதுங்க. கொண்டை இப்பவே சிவக்குது பாருங்க. காலும் தடிமனா இருக்கு."

அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. அவள் கண்ணெதிரே உட்கார்ந்து இருபத்திரண்டு சீட்டு எழுதினார். "படிச்சுப் பாரு. உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும்ல? ஒரு சீட்டு, ஒரே ஒரு சீட்டு திரும்பி வரட்டும், அப்புறம் பேசு."

அவள் ஒரு சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தாள். மடித்து வைத்தாள். சட்டியைக் கழுவப் போனாள்.

ஒரே வாரத்தில் அத்தனை குஞ்சும் விற்றுப்போயின. தெருவே திரண்டு வந்து வாங்கியது. "பேரு பண்ற வேலை," என்றார் கண்டக்டர்.

அதற்குப் பிறகு நாலு மாதம். இப்போது வாசலில் தையல்காரம்மா.

"சரி, சரி. இருபத்திரண்டுல ஒண்ணு தப்பறது சகஜம்," என்றார் கண்டக்டர். உள்ளே திரும்பி, "இந்தா, ஒரு கோழியைப் பிடிச்சுக் குடு!" என்று குரல் கொடுத்தார்.

"எதைக் குடுக்கட்டுங்க?"

"எதையாவது குடு. இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவியா?"

ஒருநாள் தவறாமல் முட்டையிடும் வெள்ளைக் கோழியை அவள் பிடித்துக் கொடுத்தாள். தையல்காரம்மா மூடி போட்ட கூடையோடு வந்திருந்தாள்.

மறுநாள் கம்பவுண்டர் வந்தார். கையில் இரண்டு சேவல், பையில் இரண்டு சீட்டு.

"மொத்தம் நாலு வாங்கினேன் கண்டக்டர் சார். ரெண்டு பெட்டையாவே இருக்கு."

"பாத்தியா?" என்று கண்டக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "நாலுக்கு ரெண்டு! நூத்துக்கு அம்பது! நீ ஆயுசுல வாங்கியிருக்கியா அம்பது மார்க்கு?"

"இல்லைங்க," என்றாள் அவள், இரண்டு கோழிகளைப் பிடித்துக்கொண்டு வந்தபடி.

அடுத்த ஒன்பது நாட்களில் டியூஷன் டீச்சர் ஒன்று கொண்டுவந்தாள். இஸ்திரிக்காரர் ஒன்று. தபால்காரர் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, பதிவுத் தபாலைப் போலக் கையெழுத்துக் கேட்காத குறையாக ஒப்படைத்தார். பன்னிரண்டு கோழி ஆறாயிற்று. கொல்லைப்புறத்தில் ஆறு சேவல்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தன.

முதல் சேவல் விடியுமுன் மூன்றே முக்காலுக்குக் கூவும். மற்ற ஐந்தும் அதை ஆமோதிக்கும். முப்பத்திரண்டு வருடம் அலாரம் வைத்து எழுந்த மனிதரை இப்போது அவை அலாரம் இல்லாமலே எழுப்பின.

"வேணும்னா சீட்டு இனிமே செல்லாதுன்னு சொல்லிடலாங்க," என்றாள் மனைவி. "நமக்கே கட்டுப்படியாகலைன்னா என்ன பண்றது?"

கண்டக்டருக்கு முகம் சிவந்தது.

"என்ன பேச்சுப் பேசறே? பாதி வழியில பஸ்ஸு நின்னாக்கூட அதே டிக்கெட்டுல அடுத்த பஸ்ஸுல ஏத்தி அனுப்பினவன் நான். கொடுத்த டிக்கெட் செல்லும்!"

"சரிங்க."

"என் வார்த்தையை நான் மீறணும்னு ஆசைப்படறியா?"

"இல்லைங்க. செல்லட்டும்."

"அப்பச் சேவலையாவது கறிக்கடைக்குக் குடுத்துடலாமே?" என்று அவள் இன்னொரு நாள் கேட்டாள்.

"கறிக்கடை எங்க இருக்கு? டெப்போ வாசல்ல இருக்கு. கண்டக்டர் பண்ணையிலிருந்து வரிசையா சேவலா வந்து இறங்குதுன்னு டெப்போவே கூடிச் சிரிக்கும். உனக்கென்ன, நீ வீட்டுக்குள்ள இருக்கறவ."

கண்டக்டர் தன் பாணியில் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். முதலில் விசிலை எடுத்தார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு விசில் என்றால் கிளம்பலாம். இது பஸ்ஸுக்குத் தெரியும். சேவலுக்கும் சொல்லிக்கொடுத்தால் தெரிந்துவிடும் என்று நம்பினார். மூன்றே முக்காலுக்குக் கொல்லையில் நின்று ஒரு விசில் ஊதினார். புதிதாக ஒரு சேவல் வந்து சவால் விடுகிறது என்று நினைத்து ஆறும் சேர்ந்து பதில் கொடுத்தன. அவர் மறுபடி ஊதினார். அவை மறுபடி கூவின. எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ செருப்பை எறிந்தார்கள். அது சேவல் மேல் படவில்லை.

இருட்டில் வைத்தால் விடிந்தது தெரியாது என்று அடுத்துக் குளியலறையில் போட்டுப் பூட்டினார். சேவல்களுக்கு விடிந்தது தெரிந்துதான் இருந்தது. தவிர, குளியலறைச் சுவர்களுக்கு எதிரொலிக்கும் குணம் உண்டு. தெருமுனைவரை கேட்ட குரல் இப்போது அடுத்த தெரு வரை கேட்டது. கண்டக்டர் மூன்று நாள் கிணற்றடியில் குளித்தார்.

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே போக்குவரத்து சாதனத்தை நாடினார். சேவல்களிலேயே அதிகம் கூவுகிற, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்த ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, தன் பழைய பஸ்ஸின் கடைசி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, யாரும் பார்க்காமல் இறங்கி வந்தார். கடைசி நிறுத்தத்தில் யாராவது எடுத்துக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் சின்னக் கண்டக்டர் பையோடு வந்து நின்றான். அவரிடம் வேலை பழகியவன்.

"அண்ணே, பையை மறந்து வெச்சுட்டு இறங்கிட்டீங்க."

"என் பைன்னு எப்படித் தெரியும்?"

"பையில உங்க ஓய்வு விழாத் தேதி போட்டிருக்கேண்ணே. நாங்க எல்லாருமாச் சேர்ந்து குடுத்த பை." அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டுகளை எடுத்தான். "போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு ரெண்டு லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுட்டேண்ணே. நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, அப்பனே ஏறினாலும் டிக்கெட் கிழின்னு."

கண்டக்டர் காசைக் கொடுத்தார்.

"அண்ணே, இது கூவினதுல டிரைவர் மூணு தடவை பஸ்ஸை நிறுத்திட்டாரு. ஹாரன்னு நெனச்சுட்டாரு," என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

அதற்கடுத்த யோசனைதான் அவருடைய யோசனைகளிலேயே மோசமானது. சலூன்காரர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது கண்டக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உனக்கு ரெண்டு சேவல் சும்மாத் தரேன், வெச்சுக்கோ."

"சேவலை வெச்சு நான் என்னண்ணே பண்றது?"

"கடைக்கு ஒரு அழகு."

சலூன்காரர் கொஞ்சம் யோசித்தார். "சரிண்ணே, அனுப்புங்க," என்றார்.

கண்டக்டருக்கு நிம்மதி. அடுத்து இஸ்திரிக்காரருக்கு ஒன்று, டியூஷன் டீச்சருக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று என்று அன்பளிப்பாகத் தள்ளிவிட்டார். மிஞ்சிய ஒற்றைச் சேவலுக்கு ஆமோதிக்க ஆள் இல்லாததால் அது கூவவில்லை; இரண்டு நாள் ஏழு மணிவரை தூங்கினார்.

மூன்றாம் நாள் கம்பவுண்டர் ஒரு சேவலும் ஒரு சீட்டுமாக வந்தார். சேவலின் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"இது..." என்று கண்டக்டர் அதை உற்றுப் பார்த்தார். சேவல் ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பழகிய பார்வை. "இது நான் சலூனுக்குக் குடுத்த சேவலாச்சே!"

"எல்லாச் சேவலும் ஒரே மாதிரிதானே சார் இருக்கும்? என் குஞ்சுதான். மூணாவது குஞ்சு. திடீர்னு சேவலாயிடுச்சு."

"பெட்டைன்னு சொன்னீங்களே?"

"நீங்களும்தான் சொன்னீங்க," என்றார் கம்பவுண்டர்.

சீட்டில் குஞ்சின் அடையாளம் எதுவும் எழுதவில்லை. நிறம் இல்லை, எண் இல்லை. ஏறியவர் முகத்தை டிக்கெட்டில் எழுதும் வழக்கம் எந்த பஸ்ஸிலும் கிடையாது. சீட்டு சீட்டாகத்தான் இருந்தது. கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கோழியைக் கொடுக்கச் சொன்னார்.

அந்த வாரம் அவர் அன்பளிப்பாகக் கொடுத்த சேவல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளின் கக்கத்தில், வேறு வேறு சீட்டோடு திரும்பி வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோழி போயிற்று. கொண்டை சாய்ந்ததை மட்டும் மறுபடியும் யார் தலையிலோ கட்டிவிட்டு வந்தார். வாரக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு புள்ளிக்கோழி.

கோழி குறையக் குறைய, எட்டுக்குக் குறைந்த முட்டையைக் கடையில் வாங்கித் தன் முட்டை என்று பேக்கரிக்குக் கொடுத்துவந்தார். ஒரு நாள் முட்டையின் மேல் கடைக்காரரின் நீல முத்திரை இருந்ததைக் கவனிக்கவில்லை. பேக்கரிக்காரர் கவனித்தார். அன்று எதுவும் சொல்லவில்லை. மறுநாள் கண்டக்டர் புள்ளிக்கோழி இட்ட ஒற்றை முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய் நின்றபோது சொன்னார்.

"வேண்டாம் அண்ணே. நீங்க வீணா அலையாதீங்க."

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு நிறைய முட்டை இருந்தது. பெரிய முட்டைகள். அவற்றில் வெள்ளைக் கோழியின் முட்டையைக் கண்டக்டர் அடையாளம் கண்டுகொண்டார். பண்ணையாளராகி அவர் சரியாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது.

"இது எங்கேருந்து?"

"தையல்காரம்மா வீட்டுலேருந்து வருது. மூணு வாரமாச்சு. முதல்ல நாலு வந்துச்சு, இப்ப நாளுக்குப் பதினாறு. ஒரு நாள் தவறினதில்லை." பேக்கரிக்காரர் ரொட்டித் துண்டுகளை அடுக்கிக்கொண்டே, "பலகை ஒண்ணும் இங்க கொண்டுவர வேண்டாம் அண்ணே. எங்களுது கேஸ் அடுப்பு," என்றார்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெப்போ ஆட்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள்.

கண்டக்டர் வீட்டுக்கு வந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. எல்லாம் புரிந்துவிட்டது. தையல்காரி! முதல் சேவலைக் கொண்டுவந்தவள். மூடி போட்ட கூடையோடு தயாராக வந்தவள். தெருவையே கைக்குள் போட்டுக்கொண்டு, அவருடைய கோழியை எல்லாம் தன் கொல்லையில் சேர்த்துக்கொண்டு, அவருடைய பேக்கரியையே பிடித்துவிட்டாள்.

தேடிப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தையல்காரம்மா அவர் வீட்டுக் கொல்லையிலேயே நின்றாள். கக்கத்தில் கொண்டை சாய்ந்த சேவல். கையில் சீட்டு. மனைவி பக்கத்தில் தீனிச் சட்டியோடு நின்றாள். பலகையின் கீழே ஐந்து சேவல்கள் உலாவிக்கொண்டிருந்தன. புள்ளிக்கோழி கூட்டின் மேல் ஏறி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"வா, வா!" என்றார் கண்டக்டர். "கடைசிக் கோழிக்கும் வந்துட்டியா? எல்லாம் தெரியும் எனக்கு. பேக்கரியில பாத்துட்டுத்தான் வரேன். பதினாறு முட்டை!"

"பதினேழு," என்றாள் தையல்காரம்மா. "இன்னைக்குப் பதினேழு."

"வெக்கமாயில்லை உனக்கு? துணி தைக்கறவளுக்குப் பண்ணை கேக்குதா? எங்கிட்டயே குஞ்சை வாங்கி, பெட்டையை எல்லாம் நீ வெச்சுக்கிட்டு, சேவலை மட்டும் என் தலையில கட்டி, அதுக்கும் ஒரு கோழியை வாங்கிட்டுப் போயிருக்கே! நான் சும்மாக் குடுத்த சேவலையும் என்கிட்டயே வித்திருக்கே! எப்படி வந்துச்சு உனக்கு இவ்வளவு மூளை?"

"எனக்கு ஏது மூளை? நான் கொல்லையில இடம் குடுத்தேன், அவ்வளவுதான்."

"பேச்சை மாத்தாதே!" கண்டக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "பாத்தியா? பாத்தியா இவளை? உன் கண்ணு முன்னாலயே இத்தனையும் நடந்திருக்கு. நீயும் சட்டியைக் கழுவிக்கிட்டு நின்னிருக்கே. உனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு?"

மனைவி தீனிச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். தையல்காரம்மாவின் கையிலிருந்த சீட்டை வாங்கி, ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, கணவரின் சட்டைப் பையில் வைத்தாள். சேவலை வாங்கி மற்றவற்றோடு இறக்கிவிட்டாள். இப்போது ஆறு. கூட்டின் மேல் கை நீட்டிப் புள்ளிக்கோழியை எடுத்துக்கொண்டாள். அது அவள் கையில் அடங்கிக் கண்ணை மூடிக்கொண்டது.

"கோழியை அவகிட்டக் குடுக்காதே!" என்று கத்தினார் கண்டக்டர்.

"என்கிட்ட எதுக்குக் குடுக்கப் போறாங்க?" என்றாள் தையல்காரம்மா. "நாலு மாசத்துக்கு முன்னால நீங்க வித்த இருபத்திரண்டு குஞ்சையும், எங்க எல்லார் கையிலும் காசைக் குடுத்து அனுப்பி, வாங்கினது ஒரே ஆளுதான் கண்டக்டரே, உங்க வீட்டம்மா."

மனைவி தீனிச் சட்டியைக் கணவரின் கையில் கொடுத்தாள். ஆறு சேவல்களும் அவர் காலைச் சுற்றிக்கொண்டன. அவள் புள்ளிக்கோழியை அணைத்துப் பிடித்தபடி, பலகைக்குக் கீழே குனிந்து, கொல்லைக் கதவைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.